திணையும் பகடையும்

எம் பள்ளி இளம் ஆசிரியர் ஒருவர், பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டம் ஒன்றன் விதிகளைக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்திற்கு ஏற்பத் தமிழில் மாற்றி எழுதி, என் கருத்தறியத் தந்தார். இவ்வகை ஆட்டத்தில் ஒருவர் கதை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாகித் தாம் செய்வது இன்னதெனச் சொல்வர். முடியுமோ முடியாதோ என ஐயுறும் செயலைப் பகடை தீர்க்கும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகைக்கு முன்னோடி. அகப்பாட்டின் கூற்று முறையில் பழகிய நமக்கு, பிறர் வாயாக நின்று பேசுதல் புதிதன்று.

நண்பர் நிலவறையைத் தேயிலை ஆலையாக்கினார்; பூதத்தைக் காட்டுப்பன்றியாக்கினார்; வாளைக் கவ்வாத்துக் கத்தியாக்கினார்; பொன்னைக் கொழுந்தாக்கினார். நடை தெளிவு, பிழையும் இல்லை. ஆயினும் நூல் தோட்டத்தைத் தொடவில்லை என்பதே என் துணிபு.

தொல்காப்பியர் முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். மாவும் மரமும் தொழிலும் கருப்பொருள். பிரிதலும் இருத்தலும் போன்ற ஒழுக்கம் உரிப்பொருள். நண்பர் மாற்றியது கருவை மட்டுமே. மூல ஆட்டத்தில் வீரன் கொணரும் பொன்னின் அளவுக்கு அனுபவப் புள்ளி ஏறும். புள்ளி ஏற ஏற வலிமை கூடும். பொருள் தேடிப் புறப்படும் வீரனுக்கு அவ்விதி பொருந்தும். பொன் இருந்த இடத்தில் கொழுந்தை வைத்தால், மிகுதியாகக் கொய்தவர் மிகுதியும் வலியராவார் என்றன்றோ ஆகிறது? என் தாயார் இம்மலையில் முப்பதாண்டு கொழுந்தெடுத்தவர். நிறுவையில் கூடை கனத்த நாள்களே அவர் முழங்காலைத் தின்றன. விதி இங்கே பொய் சொல்கிறது. அதைச் சிறுவர் நம்பவும் கூடும்.

விதி மாறிய நல்ல சான்றும் உண்டு. 1978-இல் வந்த ‘ரூன்குவெஸ்ட்’ ஆட்டத்தின் நூற்று விழுக்காட்டுப் பகடை முறையை அடியாகக் கொண்டு, 1981-இல் சாண்டி பீட்டர்சன் ‘கால் ஆஃப் கதுலூ’ என்னும் அச்சக் கதை ஆட்டத்தை அமைத்தார். பேய்களின் பெயரை நிரப்பியதோடு அவர் நிற்கவில்லை. மனத்தெளிவு என்றோர் அளவையைப் புகுத்தினார். காணத் தகாததைக் கண்டால் அது குறையும். வெல்லுதலை நோக்கிய ஆட்டம், சிதையாது தப்புதலை நோக்கித் திரும்பிற்று. உரி மாறியது என்பது இதனையே.

நம் மலைக்கு உரி யாது? மலை என்றதும் குறிஞ்சி எனக் கூட்டத்தைச் சொல்லி முடிக்கலாகாது. ஈண்டு வாழ்வோர் கடல் கடந்து வந்தோரின் மக்கள்; அவர்தம் பிள்ளைகளும் பட்டணம் நோக்கிப் போகின்றனர். நிலம் குறிஞ்சி, ஒழுக்கமோ பாலையின் பிரிவு. ஒரு நிலத்தில் மற்றொன்றன் உரி வந்து மயங்குவதைத் தொல்காப்பியர் விலக்கவில்லை. நண்பர் நூலிலோ பிரிவுக்கு ஒரு விதியும் இல்லை. எவரும் தோட்டத்தை விட்டுப் போவதே கிடையாது!

ஐந்தாம் ஆண்டு மாணவர் அறுவரை வைத்து ஒரு மாலை ஆடிப் பார்த்தோம். பன்றி எதிர்ப்பட்டதும் கதை நடத்திய ஆசிரியர் பகடையை நீட்டினார். ஒரு சிறுமி வாங்க மறுத்தாள். “சண்டை எதுக்கு சார்? கத்தினா லயத்துல இருந்து எல்லாரும் வந்துருவாங்க” என்றாள். அயலாரைக் கூவி அழைப்பதற்கு அந்நூலில் விதி இல்லை. ஆசிரியர் திகைத்து என்னைப் பார்த்தார். நானும் விடை அறியேன்.

மறுநாள் அவர் ஏட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கொழுந்துக்குப் புள்ளி தரும் பக்கத்தை அடித்துவிட்டார். கொழுந்து கொய்யும் பொறியை இருவர் இருபுறம் பிடித்து நடப்பதைக் கண்டு, இரு பகடையும் ஒத்து விழுந்தாலன்றி அச்செயல் கூடாது என ஒரு விதி சேர்த்திருக்கிறார். அது எனக்குப் பிடித்தது. பட்டணம் போகும் பாத்திரத்தை என் செய்வது என்னும் இடத்தில் ஒரு பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறார்.