28ஆம் கேள்வி

பொங்கல் விடுமுறைக்கு அறந்தாங்கி போயிருந்தேன். அக்கா மகள் பத்தாம் வகுப்பு. திண்ணையில் உட்கார்ந்து ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். படித்தாள் என்பதைவிட ஒப்பித்தாள் என்பதுதான் சரி. கண்ணை மூடிக்கொண்டு, லேசாக முன்னும் பின்னும் ஆடியபடி, "கோ ஸ்ட்ரெய்ட், டர்ன் லெஃப்ட், வாக் பாஸ்ட் தி பார்க், யூ வில் ஃபைண்ட் இட் ஆன் யுவர் ரைட்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"இருபத்தெட்டாவது கேள்வி மாமா. ரோடு மேப். கம்பல்சரி. ரெண்டு மார்க்."

"மேப்பையே பாக்காம வழி சொல்ற?"

"எந்த மேப் வந்தாலும் இதையே எழுதலாம் மாமா. லெஃப்ட், ரைட்டை மட்டும் மாத்திக்கணும்."

அரையாண்டில் ஆங்கிலத்தில் 84 வாங்கியவள். சும்மா கேட்டேன்: "சரி, நம்ம பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் வந்து இறங்குறார். தமிழ் தெரியாது. கட்டுமாவடி முக்கம் தாண்டி நம்ம வீட்டுக்கு எப்படி வரணும்னு அவருக்கு இங்கிலீஷ்ல சொல்லு."

அவள் சிரித்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் கோபமாகவே சொன்னாள்: "இதெல்லாம் போர்ஷன்ல இல்ல மாமா."

அந்த பதிலோடுதான் பெங்களூருக்குப் பேருந்து ஏறினேன். அவளுடைய மாதிரி வினாத்தாள் ஒன்றையும் பையில் எடுத்து வைத்திருந்தேன். நாவலையும் கவிதைத் தொகுப்பையும் மட்டும்தான் விமர்சிக்க வேண்டுமா? தமிழ்நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் லட்சக்கணக்கான பிள்ளைகள் மூன்று மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிக்கும் பிரதி இதுதான். இதையும் ஒரு பிரதியாக வாசித்தால் என்ன என்று தோன்றியது.

*

முதலில் கணக்கு. மொத்தம் 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. ஒரு மதிப்பெண் கேள்விகள் 14: ஒத்த பொருள், எதிர்ப்பொருள், பன்மை, சுருக்கச் சொல், இப்படி. அடுத்து இரண்டு மதிப்பெண் பகுதி. உரைநடையிலிருந்து மூன்று, செய்யுளிலிருந்து மூன்று, இலக்கணத்தில் மூன்று, கடைசியாக நம் 28ஆம் கேள்வி. அதன்பின் ஐந்து மதிப்பெண் கேள்விகள் பத்து எழுத வேண்டும். முடிவில் எட்டு மதிப்பெண்ணில் இரண்டு.

இதில் பாடநூலிலுள்ள கதை, கவிதைகளிலிருந்து மட்டும் வருவதைக் கூட்டிப் பார்த்தேன். சிறுவினாக்களில் 12. பத்தி வினாக்களில் 20. துணைப்பாட வாக்கியங்களை வரிசைப்படுத்த 5. மனப்பாடச் செய்யுள் 5. துணைப்பாடக் கதையைக் குறிப்புகளிலிருந்து விரித்தெழுத 8. ஆக 50. சரியாகப் பாதி. இந்தப் பாதிக்கான விடை முழுவதும் கைடில் அச்சாகி இருக்கிறது. அதை எழுத்துப் பிசகாமல் எழுத முடிந்த குழந்தை, அதில் ஒரு வரிக்கும் பொருள் தெரியாமலே தேர்ச்சியைத் தாண்டி 15 மதிப்பெண் கூடுதலாக வாங்கலாம். பாடநூலுக்கு வெளியிலிருந்து ஒரு பத்தியைக் கொடுத்து, வாசித்துப் புரிந்துகொண்டு எழுதச் சொல்லும் இடம் கடைசிக் கேள்வி. அதற்கு 8. காதுக்குப் பூஜ்யம். வாய்க்கும் பூஜ்யம்.

இந்தக் கணக்கைவிட என்னை உறுத்தியது வேறொன்று. 2019இல் வந்த அந்தப் பாடநூல் மோசமான நூல் அல்ல. தேர்ந்தெடுத்தவர்களுக்கு ரசனை இருந்திருக்கிறது. சத்யஜித் ராய் இருக்கிறார், ஜேம்ஸ் தர்பர் இருக்கிறார். முதல் பாடம் லியம் ஓ ஃப்ளாஹர்ட்டியின் கடற்பறவைக் கதை. பாறை விளிம்பில் ஒரு குஞ்சு தனியாக நிற்கிறது. கூடப் பிறந்தவை எல்லாம் பறந்துவிட்டன. இதற்குப் பயம். அம்மா ஒரு துண்டு மீனை அலகில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து மிதக்கிறது, ஆனால் ஊட்டவில்லை. பசி தாங்காமல் குஞ்சு பாய்கிறது. விழுகிறது. விழும்போது சிறகு விரிகிறது.

ஒரு மொழியைக் கற்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை. எட்டிப் பிடிக்க ஏதோ ஒன்று வேண்டும், விளிம்பிலிருந்து குதிக்க வேண்டும், முதலில் விழ வேண்டும். அந்தக் கதையிலிருந்து என் மருமகள் தெரிந்துகொண்டிருப்பது என்ன? "குஞ்சு ஏன் பறக்கத் தயங்கியது?" என்ற கேள்விக்கு இரண்டு வரி விடை. மனப்பாடமாக.

அதே நூலில் அல்போன்ஸ் தோதேயின் 'கடைசிப் பாடம்' இருக்கிறது. பிரஷ்யா கைப்பற்றிவிட்ட ஊரில், பிரெஞ்சு ஆசிரியரின் கடைசி வகுப்பு. மொழியை இத்தனை நாள் அலட்சியமாக விட்டுவிட்டோமே என்று ஒரு சிறுவன் நெஞ்சு அடைத்து உட்கார்ந்திருக்கிறான். அதையும் ஐந்து மதிப்பெண் பத்தியாக மாற்றியாயிற்று. கதைகள் ஒரு திசையில் இழுக்கின்றன, வினாத்தாள் எதிர்த்திசையில் இழுக்கிறது. பிள்ளைகள் எதன் பின்னால் போவார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

*

என் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு: ஹார்ட்கோட் பண்ணுவது. ஒரு புரோகிராமைச் சோதிக்க டெஸ்ட் கேஸ் எழுதுவோம். இந்த எண்ணைக் கொடுத்தால் இந்த விடை வரவேண்டும் என்று. குறுக்குப் புத்திக்காரன் என்ன செய்வான்? கணக்கிடும் நிரலை எழுதவே மாட்டான். "இந்த எண் வந்தால் இந்த விடையைக் காட்டு" என்று நேராக எழுதிவிடுவான். எல்லா டெஸ்டும் பச்சையாகும். வாடிக்கையாளர் கைக்குப் போய், வேறு ஒரு எண்ணைத் தட்டும் நாளில் எல்லாம் இடிந்து விழும்.

அப்படி இடிந்து விழுந்த நாள் எனக்கும் உண்டு. பிளஸ் டூவில் ஆங்கிலம் இரண்டு தாளிலும் சேர்த்து 200க்கு 180 பக்கம் வாங்கியவன் நான். என்ஜினியரிங் முடித்து வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம், வெளிநாட்டு வாடிக்கையாளரோடு முதல் போன் அழைப்பு. "நேற்று என்ன செய்தாய்?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான் கேள்வி. நேற்று நான் செய்தது எனக்குத் தெரியும். தமிழில் தெரியும், நிரலில் தெரியும். வாய் திறக்கவில்லை. லைன் சரியில்லை என்று நினைத்து அவர்கள் இரண்டு முறை ஹலோ சொன்னார்கள். பக்கத்திலிருந்தவர் மியூட் பட்டனை எடுத்துவிட்டு எனக்காகப் பேசினார். அன்று இரவு அறையில் படுத்துக்கொண்டு, அந்த 180ஐ எனக்குக் கொடுத்தது எதற்காக என்று யோசித்தேன்.

இதன் மறுபக்கம் என் சித்தப்பா மகன். நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. பத்தாம் வகுப்பில் அவன் எல்லாப் பாடத்திலும் தேறினான். ஆங்கிலத்தில் மட்டும் 35ஐத் தொடவில்லை. மறுதேர்வு எழுதினான், அதிலும் போயிற்று. பாலிடெக்னிக் கனவு அங்கேயே முடிந்தது. கொத்தனார் வேலைக்குச் சித்தாளாகப் போனான். எங்கள் பக்கத்துப் பையன்களில் பலரைப் போல அவனும் பிறகு சிங்கப்பூர் போனான். இப்போது கட்டுமானத் தளத்தில் சூப்பர்வைசர். வங்காளதேசத்துக்காரர், சீனர், மியான்மர்காரர் எல்லோருக்கும் காலையில் பாதுகாப்பு விதிகளை ஆங்கிலத்தில் சொல்வது அவன் வேலை. வீடியோ அழைப்பில் ஒருமுறை கேட்டேன். இலக்கணம் தாறுமாறாக இருந்தது. ஆனால் இருபது பேருக்கும் புரிந்தது. புரியாவிட்டால் அங்கே ஆள் மேலிருந்து விழுவான்.

"எழுதச் சொன்னா இன்னிக்கும் ஃபெயில்தான்டா," என்றான் சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கே ஒரு நேர்மை வேண்டும். பதினைந்து வயதில் அவனுக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது, தேர்வு அவனை ஏமாற்றிவிட்டது என்று கதை சொல்ல எனக்கும் ஆசைதான். அது பொய். அன்று அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்கும் தெரியாது. எனக்கு மனப்பாடம் வந்தது, அவனுக்கு வரவில்லை. எங்கள் இருவருக்கும் இடையே அந்தத் தேர்வு கண்டுபிடித்த ஒரே வித்தியாசம் அதுதான். அந்த வித்தியாசத்துக்கு ஆங்கிலம் என்று பெயர் வைத்து, என்னை ஒரு பேருந்திலும் அவனை இன்னொரு பேருந்திலும் ஏற்றிவிட்டது.

*

அப்படியானால் மனப்பாடக் கேள்விகளை ஒரேயடியாகத் தூக்கிவிடலாமா? இணையத்தில் இப்படி எழுதுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். பெரும்பாலும் வீட்டில் ஆங்கிலச் செய்தித்தாள் வாங்கிய குடும்பத்துப் பிள்ளைகள்.

ஆவுடையார்கோயில் பக்கமோ மணமேல்குடி பக்கமோ ஓர் அரசுப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கும் பெண். ஆங்கிலம் அவள் காதில் விழுவது பள்ளிக்கூடத்தில் மட்டும், அதுவும் பாதி தமிழில். நாளைக்கே "உண்மையான" ஆங்கிலத் தேர்வு வைத்தால் முதலில் விழுபவள் அவள்தான். மனப்பாடம் அவள் கையிலிருக்கும் ஒரே கருவி. மண்ணெண்ணெய் விளக்கில் உட்கார்ந்தும் அதைச் சம்பாதிக்கலாம், பணம் வேண்டாம், கான்வென்ட் வேண்டாம். ஆசிரியர்கள் தயாரிக்கும் 'மெல்லக் கற்போர் கையேடு' ஏளனத்துக்குரியது அல்ல. யாரையும் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிடக் கூடாது என்ற கருணை அதற்குப் பின்னால் இருக்கிறது. சித்தப்பா மகன் கையில் அன்று அப்படியொன்று இருந்திருந்தால் அவன் பாலிடெக்னிக் போயிருப்பான்.

சிக்கல் எங்கே என்றால், தேறவைப்பது, அளப்பது என்ற இரண்டு வேலைகளையும் ஒரே தாளிடம் கொடுத்திருக்கிறோம். முதல் வேலையை அது ஓரளவு செய்கிறது. இரண்டாவதைச் செய்வதே இல்லை, செய்வதாகக் காட்டிக்கொள்கிறது.

இதை யாரும் யோசிக்காமல் இல்லை. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு என்பவர் பெங்களூரு, சென்னை, கடலூர் போன்ற ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தைத் தனியாக நடத்தவில்லை. ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துப் புதிரை அவிழ்க்கச் சொன்னார். விடை சரியா என்பதுதான் கேள்வி, வாக்கியம் சரியா என்பது அல்ல. மொழி வழியில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை. உலகெங்கும் மொழி கற்பிப்பவர்கள் இன்றும் பேசும் சோதனை அது. பிறகு பெரெட்டா, டேவிஸ் என்ற இருவர் அந்த மாணவர்களையும் வழக்கமான முறையில் படித்தவர்களையும் சோதித்தார்கள். இலக்கண அமைப்புத் தேர்வில் வழக்கமான வகுப்பு முந்தியது. செயல்வழித் தேர்வில் பிரபுவின் வகுப்பு முந்தியது. எந்தப் பக்கமும் சாயாத தேர்வுகளில் மொத்தத்தில் பிரபுவின் பக்கமே எடை கூடியது. எனக்கு இதில் பாடம் ஒன்றுதான்: எதை அளக்கிறோம் என்று முடிவு செய்யும்போதே யார் ஜெயிப்பார் என்பதையும் பாதி முடிவு செய்துவிடுகிறோம்.

பிரபுவின் வகுப்பில் வரைபடம் ஒரு புதிர். நம் தாளில் அதே வரைபடம் ஒரு மந்திரம். வரைபடத்தைச் சேர்த்தால் மட்டும் போதாது என்பதற்கு 28ஆம் கேள்வியே சாட்சி.

இலங்கையிலும் இதைப் பார்த்தார்கள். 1988இல் அங்கே சாதாரண தர ஆங்கிலத் தேர்வை மாற்றினார்கள். தேர்வு மாறினால் வகுப்பறையும் மாறும் என்று எதிர்பார்ப்பு. வால், ஆல்டர்சன் என்ற ஆய்வாளர்கள் பல சுற்றுகளாக வகுப்புகளைக் கவனித்து 1993இல் எழுதினார்கள். ஆசிரியர்கள் எதை நடத்துகிறார்கள் என்பதைப் புதிய தேர்வு மாற்றியிருந்தது, எப்படி நடத்துகிறார்கள் என்பதை மாற்றவில்லை. தேர்வில் கேட்காத கேட்டலும் பேச்சும் வகுப்பில் ஓரமாகப் போயின.

நம்மிடமும் பிளஸ் டூவில் ஒரு காலத்தில் கேட்டல், பேசுதல் திறனுக்கென்று 20 மதிப்பெண் இருந்தது. பள்ளியே போடும் மதிப்பெண். எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் அதில் குறைவாக வாங்கியவர் யாரும் இல்லை, வாயைத் திறந்தவரும் அநேகமாக இல்லை. மொத்தத்தில் சேரும் மதிப்பெண் என்றால் எந்த ஆசிரியர்தான் தன் பிள்ளைக்குக் குறைத்துப் போடுவார்?

அதனால் நான் கேட்பது சின்ன விஷயங்கள்தான். 35 வரைக்கும் பாடநூல் கேள்விகள் இருக்கட்டும். அந்தத் தரையைப் பிடுங்க வேண்டாம். அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் பார்த்திராத பத்தியிலிருந்து, பார்த்திராத படத்திலிருந்து வரட்டும். கேட்டலுக்கு ஸ்பீக்கர் வேண்டாம், ஆசிரியர் ஒரு பத்தியை இரண்டு முறை வாசித்தால் போதும், பழைய டிக்டேஷன்தான். பேச்சுக்கு மதிப்பெண்ணே வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு முறை, ஐந்து நிமிடம், இந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் என்னென்ன செய்ய முடிகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தன் பெயரும் ஊரும் சொல்கிறாள், கடையில் விலை கேட்கிறாள், வழி சொல்லத் திணறுகிறாள். இந்த மூன்று வரி அவளுடைய 84ஐவிட எனக்கு அதிகம் சொல்லும்.

*

கிளம்புவதற்கு முந்தின நாள் பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தை எடுத்துப் போட்டேன். நம்ம ஊரை வரையச் சொன்னேன். பேருந்து நிலையம், கட்டுமாவடி முக்கம், பேராவூரணி சாலை, நடுவில் தான் டியூஷன் போகும் வீடு, ஒரு டீக்கடை, குரைக்கும் நாய் ஒன்று. நாயைப் பெரிதாக வரைந்திருந்தாள்.

"சரி, இப்ப சொல்லு."

ரொம்ப நேரம் காலண்டரையே பார்த்தாள். பிறகு விரலை வைத்து, "யூ கம் பஸ் ஸ்டாண்ட்... தென்... தேர் இஸ் ஒன் டாக். டோண்ட் கோ தட் சைடு" என்றாள்.

வினாத்தாளில் இதற்கு மதிப்பெண் கிடைக்காது. டர்ன் லெஃப்ட் வரவில்லை, வாக்கியமும் முழுசாக இல்லை. ஆனால் அந்த ஆள் நாயிடம் கடி வாங்காமல் வந்துவிடுவார். அதை அவளிடம் சொன்னேன். "நெசமாவா மாமா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த திருப்பத்தில் விரலை வைத்தாள்.