ஒரு கையெழுத்து போடுங்கம்மா

2024 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. ஒரு செய்தி வெளியிட்டது. தாயின் வயிற்றில் நாலைந்து மாதமே இருந்த சிசுக்களின் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் படமெடுத்து, செல் செல்லாகப் பார்க்கும்படி முப்பரிமாண வரைபடம் தயாரித்திருக்கிறார்கள். மொத்தம் 5132 சீவல்கள். பெயர் ‘தரணி’. உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். மூளை வளர்ச்சிக் கோளாறு எந்த வாரத்தில், எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று தேடுகிறவர்களுக்கு இது புதையல். பெருமைப்பட வேண்டிய வேலைதான்.

இதில் ஒத்துழைத்த மருத்துவ நிறுவனங்கள் இரண்டு. ஒன்று சென்னை மெடிஸ்கேன். இன்னொன்று தண்டலம் சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தண்டலம் தெரியுமல்லவா? பூந்தமல்லி தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் வரும். அதைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை, ஹூண்டாய் தொழிற்சாலை. அப்புறம் ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து தெற்கே திரும்பினால் ஒரகடம். காரும் செல்போனும் லாரியும் புல்லட்டும் செய்கிற பூமி.

நான் படித்த செய்திகளில் சீவல் எத்தனை, படம் எத்தனை துல்லியம் என்பதெல்லாம் இருந்தது. அந்த மூளைகள் எங்கிருந்து வந்தன என்பது மட்டும் இல்லை. அவை வானத்திலிருந்து விழவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்மா உண்டு. வயிறு காலியாகிப் படுத்திருந்த அவளிடம் யாரோ ஒருவர் போய்க் கேட்டிருக்கிறார்.

இது குற்றச்சாட்டு இல்லை. பெற்றோர் சம்மதமும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இல்லாமல் இப்படிப்பட்ட ஆராய்ச்சி செய்ய விதி இடம் தராது. என் கவலை பொதுவாக அந்தக் ‘கேட்பதை’ப் பற்றியது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் ‘ஆராய்ச்சிக்குத் தருவீர்களா’ என்று கேட்கலாமா? கேட்கலாம் என்றால், எப்படி?

‘கேட்கவே கூடாது சார், வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதா?’ என்பதுதான் நம்மில் பலருடைய முதல் பதில். நல்ல மனசு. ஆனால் கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் தெரியுமா? 2016-ம் வருஷத்து மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, வெளியே பிழைக்கிற பருவத்தை எட்டாத சிசு, மஞ்சள் பையில் போட வேண்டிய கழிவு. பெரும்பாலும் எரியுலைக்குத்தான் போகும். அதற்கு யாரும் அம்மாவிடம் கையெழுத்துக் கேட்பதில்லை. நாம் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருப்பது பல நேரம் ஒரு மஞ்சள் பைதான்.

புறநானூற்றின் 74-ம் பாடலில், இறந்து பிறந்த குழந்தையையும், உருவமே கூடாத தசைப்பிண்டத்தையும்கூட மனிதக் கணக்கில் சேர்த்து வாளால் கீறி அடக்கம் செய்த வழக்கம் வருகிறது. வாள் நமக்கு வேண்டாம். ஆனால் அதுவும் ஓர் ஆள் என்கிற எண்ணம் வேண்டும்.

கேட்காமலே எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு லிவர்பூல் சாட்சி. அங்கே ஆல்டர் ஹே என்கிற குழந்தைகள் மருத்துவமனையில் 1988 முதல் 1995 வரை, இறந்த குழந்தைகளின் உறுப்புகளைப் பெற்றோருக்குத் தெரியாமல் எடுத்து ஜாடிகளில் அடுக்கி வைத்திருந்தார்கள். விஷயம் 1999-ல் வெளியே வந்தது, 2001-ல் விசாரணை அறிக்கை வந்தது. அதற்குள் முழுசாக அடக்கம் செய்துவிட்டோம் என்று நினைத்திருந்த பெற்றோர், ஆஸ்பத்திரி பகுதி பகுதியாகத் திருப்பிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை அடக்கம் செய்தார்கள். நாடே கொதித்து, 2004-ல் மனிதத் திசுச் சட்டம் வந்தது. அந்தப் பெற்றோரில் பலர் சொன்னதைக் கவனியுங்கள்: கேட்டிருந்தால் கொடுத்திருப்போம் என்றார்கள்! அவர்களுடைய கோபம் ஆராய்ச்சி மேல் இல்லை. நம்மை ஒரு பொருட்டாக மதிக்கவில்லையே என்பதுதான்.

இன்னொரு உதாரணம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2017-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பி அம்மாக்கள் பயந்தார்களே, அதே ஊசி. அதிலிருக்கும் ருபெல்லா வைரஸ் வகையை 1960-களில் அமெரிக்காவில் சாதுவாக்கினார்கள். அப்படிச் சாதுவாக்கி வளர்த்தது ஒரு சிசுவின் நுரையீரல் செல்களில். 1962-ல் ஸ்வீடனில் கருக்கலைப்பு செய்துகொண்ட ஒரு பெண்ணின் சிசு அது. அந்தப் பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உலகம் முழுக்க ஏராளமான பிள்ளைகள் அதனால் பார்வையோடும் செவியோடும் பிறந்திருக்கிறார்கள். பலன் இவ்வளவு பெரிசு. அதற்காக அவளைக் கேட்காதது சரியாகிவிடுமா? ஆகாது.

ஆக, ஆராய்ச்சி வேண்டும், கேட்கத்தான் வேண்டும். இனிமேல்தான் சிக்கல்.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி அசோகனும் புஷ்பாஞ்சலியும், விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். போலீஸ் வழிவிட, அந்த இதயம் நகரத்தைக் குறுக்கே கடந்து 11 நிமிடத்தில் முகப்பேர் போய்ச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் உறுப்பு தானம் என்றால் இன்றைக்கும் அந்தப் பெயர்தான். அந்தப் பெற்றோரின் மனசு பெரிசு. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அவர்கள் டாக்டர்கள். மூளைச்சாவு என்றால் என்ன, படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் யாரும் அவர்களை மிரட்டியிருக்க முடியாது. அவர்கள் கொடுத்தது தானம் ஆனது அதனால்தான்.

இப்போது ஒரகடத்துக்கு வாருங்கள்.

வல்லம் வடகால், மாத்தூர், சுங்குவார்சத்திரம் என்று இந்தப் பக்கம் வேலை பார்க்கிறவர்கள் கையெழுத்துப் போட்டே பழகியவர்கள். ஏஜென்சி காகிதம், ஹாஸ்டல் காகிதம், பி.எஃப். படிவம். ‘இங்க, இங்க, அப்புறம் இங்க’ என்று பெருக்கல் குறி போட்டிருக்கும் இடத்தில் போட வேண்டியதுதான். படிக்க யாரும் நேரம் கொடுத்ததில்லை. போடாவிட்டால் வேலை கிடையாது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பம் என்றால் அந்தக் காகிதம் எந்த மொழி என்பதே தெரியாது. மொழிபெயர்த்துச் சொல்வது கூட்டிவந்த மேஸ்திரி.

அப்படிப்பட்ட ஒருத்திக்கு ஐந்தாம் மாசம் ஸ்கேனில் குழந்தை இல்லை என்று தெரிகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். புருஷன் ஷிப்டிலிருந்து ஓடி வந்திருக்கிறான். வெள்ளைக் கோட்டு ஒருவர் நின்றபடியே காகிதத்தை நீட்டி, ‘ஒரு கையெழுத்து போடுங்கம்மா’ என்கிறார். அவள் போடுவாள். நிச்சயம் போடுவாள். இத்தனை வருஷம் நாம் அவளுக்குப் பழக்கியது அதைத்தானே? அதற்குப் பெயர் சம்மதமா?

இதில் ஒரு வேடிக்கை. கரு கலைந்த தாய்க்குச் சம்பளத்தோடு 6 வாரம் விடுப்பு உண்டு என்று சட்டம் சொல்கிறது. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவள் கட்டிலுக்கு எத்தனை பேர் ஓடி வருகிறார்கள்?

விதி இல்லாமல் இல்லை. உறுப்பு மாற்றுச் சட்டத்தில், மூளைச்சாவை உறுதி செய்கிற டாக்டர் வேறு, உறுப்பை மாற்றி வைக்கிற டாக்டர் வேறு. குடும்பத்தோடு பேசுவதற்கென்றே ஒருங்கிணைப்பாளர் உண்டு. ஆனால் அந்தச் சட்டம் சிகிச்சைக்கு மட்டும். ஆராய்ச்சிக்கு ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகள் இருக்கின்றன. புரிகிற மொழியில் சொல், படிக்கத் தெரியாதவர் என்றால் சார்பில்லாத சாட்சி வேண்டும், மறுத்தால் சிகிச்சையில் குறை வைக்காதே என்று அவை தெளிவாகவே சொல்கின்றன. காகிதத்தில் இருக்கும் இந்த விதி, ராத்திரி 11 மணிக்கு வார்டுக்குள் நுழைகிறதா என்பதுதான் கேள்வி. மேஸ்திரி சார்பில்லாத சாட்சி இல்லை என்று அங்கே யார் சொல்வார்?

ஆராய்ச்சிக்காகக் கேட்கிறவர்களுக்கு இன்னொரு சபலமும் உண்டு. இதயம் கொடுத்தால் நாளைக்கே ஒரு குழந்தை பிழைக்கும். மூளைச் சீவலால் நாளைக்கு யாரும் பிழைக்கப்போவதில்லை. பத்து வருஷமோ இருபது வருஷமோ கழித்து ஏதாவது தெரியலாம், தெரியாமலும் போகலாம். அந்த உண்மையைச் சொன்னால் மறுத்துவிடுவார்களோ என்று பயந்து, ‘உங்க குழந்தையால நாலு குழந்தை பிழைக்கும்மா’ என்று சொல்லத் தோன்றும். அது ஆறுதல் இல்லை, பொய். துக்கத்தில் இருப்பவரிடம் பொய் சொல்லி வாங்குவது, தூக்கத்தில் இருப்பவரிடம் எடுப்பதைப் போலத்தான்.

நான் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. வைத்தியம் பார்த்த டாக்டர் கேட்க வேண்டாம். அவரிடம் ‘முடியாது’ என்று சொல்ல நம் ஜனங்களுக்கு வாய் வராது. கேட்பவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் மொழியில், பொய் சேர்க்காமல் கேட்கட்டும். முடிந்தவரை ஒரு ராத்திரியாவது யோசிக்க விடட்டும். அப்புறம் மிக முக்கியமாக, வருஷங்கள் கழித்து வரைபடம் வெளிவரும்போது, விருப்பமிருக்கும் பெற்றோருக்கு ஒரு கடிதம் போகட்டும்: ‘நீங்கள் கொடுத்ததிலிருந்து இதைத் தெரிந்துகொண்டோம்.’

உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. நல்ல காரியம். ஆராய்ச்சிக்குக் கொடுத்த பெற்றோருக்கு மாலையும் வேண்டாம், மரியாதை அணிவகுப்பும் வேண்டாம். அந்த ஒரு கடிதம் போதும்.

எல்லாம் கேட்ட பிறகு, அந்தப் பெண் தலையை ஆட்டி ‘வேண்டாம் சார், நாங்களே புதைச்சுக்கிறோம்’ என்று சொல்லலாம். அதற்கு முகம் சுளிக்காமல், இரண்டாம் தடவை வற்புறுத்தாமல், ‘சரிம்மா’ என்று சொல்லி பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு மட்டும்தான் அந்தக் கேள்வியைக் கேட்கிற யோக்கியதை உண்டு.