கை தேர்ந்தால் கவலை தீருமா?

வேலை அழுத்தத்துக்கு மருந்து கேட்டால் நிர்வாகவியல்காரர்கள் முதலில் எழுதித்தருவது பயிற்சி. திறமை கூடினால் பதற்றம் குறையும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கைத் தென்காசி மாவட்டத்துக் கடையநல்லூரில் போட்டுப் பார்க்கலாம். தறியும் பீடியும் சோறு போட்ட ஊர். அங்கே பீடி சுற்றும் பெண்களுக்கு எந்தப் பயிற்சிக்கூடமும் புதிதாகக் கைத்திறன் கற்றுத்தர வேண்டியதில்லை.

1979இல் ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர், வேலைச்சுமை மட்டும் ஆளை முறிப்பதில்லை என்றார். சுமை ஏறி, உரிமை சுருங்கும் இடத்தில்தான் அழுத்தம் முற்றுகிறது. நல்ல கோட்பாடு, இன்றும் செல்லும். ஆனால் உரிமையை அளக்கும்போது அவர் இரண்டை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்: திறமையைக் காட்டக் கிடைக்கும் வாய்ப்பு, முடிவெடுக்கும் அதிகாரம். அவர் கையாண்ட தரவு அமெரிக்க, சுவீடன் ஆண் தொழிலாளர்களுடையது. சுளகை மடியில் வைத்திருக்கும் பெண்ணிடமோ இந்த இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன.

விரல் அவளுடையது. இலை அவளுடையதல்ல. எவ்வளவு இலை, எப்படிப்பட்ட இலை, சுற்றியதில் எது கழிவு என்பதெல்லாம் பீடிக்கடையில் முடிவாகிறது. ஓட்டை இலை வந்தால் எண்ணிக்கை குறையும். குறைந்ததை ஈடுகட்டக் கைக்காசில் இலை வாங்க வேண்டும். கைதேர்ந்தவளுக்குக் கழிவு குறையும், வேலை சீக்கிரம் முடியும். அதை மறுப்பது நேர்மையல்ல. ஆனால் கொடுத்த இலை தீர்ந்துவிட்டால் அன்றைய கூலியும் அதோடு சரி.

வீட்டிலிருந்தே, நினைத்த நேரத்தில் செய்யலாமே என்பார்கள். இரவே இலையை நனைத்துவைத்து, சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே சுற்றி, கடை சொன்ன நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுப்பதை நினைத்த நேரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேலை அழுத்தத்துக்கு 1996இல் யோகானஸ் சீக்ரிஸ்ட் என்ற ஆய்வாளர் வைத்த அளவுகோல் இங்கே கூடுதலாகப் பொருந்துகிறது: போட்ட உழைப்புக்கு ஈடாகக் காசும் மரியாதையும் பாதுகாப்பும் வருகின்றனவா? நம் பழைய சட்டமோ அவருக்கு முப்பது ஆண்டு முந்தியது. இலை வழங்கல், பீடியைக் கழித்தல், கழித்த பீடிக்குக் கூலி ஆகிய மூன்று தகராறுகளையும் விரைவாகத் தீர்க்க 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் தனி வழி வைத்தது. புண் எங்கே என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தென்காசிப் பக்கம் சோஹோ என்ற மென்பொருள் நிறுவனம், பள்ளி முடித்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆளாக்குகிறதே என்று கேட்கலாம். கற்ற திறமைக்கு அதே நிறுவனத்தில் நாற்காலி காத்திருப்பதால்தான் அந்தப் பயிற்சிக்கு மதிப்பு. ஆகவே அந்த உதாரணமும் என் கட்சிக்கே சாட்சி.

திறமை அழுத்தத்தைக் குறைக்கும். ஆனால் பணியிடம் அதற்கு அதிகாரம் கொடுத்த அளவுக்கே குறைக்கும். கடையநல்லூரில் முதலில் திருத்த வேண்டியது இலை நிறுக்கும் தராசையும் கழிவு பார்க்கும் மேசையையும். அந்த மேசையில் சுற்றுகிறவர்களின் ஆள் ஒருவரும் உட்காரட்டும். பயிற்சி வகுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.