13ஆம் இடத்தின் அரசியல்

விளையாட்டுப் பக்கங்களுக்கு இரண்டே கதைகள்தான் தெரியும்: வீழ்ச்சி, மீட்சி. இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற வருஷங்களைப் பற்றி அவற்றுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ட்ஸ்மவுத் கால்பந்துக் கழகத்தின் 2013-14 பருவம் அப்படி நடுவில் கிடப்பது. நான்காம் பிரிவான லீக் டூவுக்கு இறக்கப்பட்ட கையோடு ஆடிய பருவம். 24 அணிகளில் 13ஆம் இடம். அவ்வளவுதான், செய்தி முடிந்தது. ஆனால், கழகம் யாருடையது என்ற கேள்வி கோஷமாக இல்லாமல் அன்றாட நடைமுறையாக இருந்த வருஷம் அது.

2008இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற கழகம் இது. வரவுக்கு மீறிய சம்பளம், கடன், ஒரே பருவத்தில் நான்கு முதலாளிகள். 2010 பிப்ரவரியில் திவால் நிர்வாகத்தின் கைக்குப் போனது. பிரீமியர் லீக் கழகம் ஒன்றுக்கு இப்படி நேர்ந்தது அதுவே முதல்முறை. 2010, 2012, 2013 என மூன்று தடவை கீழே இறக்கப்பட்டது. இடையில் கடன் தீர்த்த விதத்தையும் பார்க்க வேண்டும். வீரர்களுக்கும் பிற கழகங்களுக்கும் தரவேண்டியதை முழுசாகத் தீர்க்கணும் என்பது கால்பந்து அமைப்புகளின் விதி. முதலுதவிப் பணி செய்த செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் மாதிரியான தொண்டு அமைப்புகள் வரிசையில் பின்னால் நின்றன. ஆக, தரவரிசை மைதானத்தில் மட்டும் இல்லை. கடன் கொடுத்தவர்களுக்குள்ளும் டிவிஷன் உண்டு.

2013 ஏப்ரலில் ரசிகர்களின் அறக்கட்டளை கழகத்தை வாங்கியது. 2,000 பேருக்கு மேல் ஆளுக்கு 1,000 பவுண்ட் போட்டார்கள். பந்தி முடிந்து பெரிய மனிதர்கள் எழுந்து போன பிறகு, இலை எடுக்கத்தான் இவர்களுக்கு அழைப்பு வந்தது.

ஆகஸ்டில் முதல் ஆட்டம். 18,000க்கும் மேற்பட்டோர் திரண்ட மைதானத்தில் ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட்டிடம் 4-1 எனத் தோல்வி. நவம்பரில் இரண்டு காரியங்கள் நடந்தன. போர்ட்ஸ்மவுத்தில் கப்பல் கட்டுவதை நிறுத்தப்போவதாக பி.ஏ.இ. நிறுவனம் அறிவித்தது, அந்த ஊரில் மட்டும் 940 வேலைகள். அதே மாதம் ரசிகர்களின் கழகம் தன் பயிற்சியாளர் கை விட்டிங்ஹாமை வேலையிலிருந்து நீக்கியது. இந்தக் கழகத்துக்கு ஆடுவதற்காகக் கைக்காசு கட்டி ராணுவத்திலிருந்து விடுபட்டு வந்தவர் அவர். அடுத்து வந்த ரிச்சி பார்க்கரும் மார்ச்சில் போனார். இளைஞர் அணிகளைப் பார்த்துக்கொண்டிருந்த பழைய ஆட்டக்காரர் ஆண்டி ஆஃபர்ட் பொறுப்பேற்று, இன்னொரு படி கீழே விழாமல் காப்பாற்றினார்.

இரண்டு நவம்பர்ச் செய்திகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும். தன் பொழுதுபோக்கை விலைக்கு வாங்க முடிந்த ஊருக்குத் தன் உழைப்பிடத்தில் ஒரு சொல் சொல்ல வழியில்லை. வாங்கியதிலும், முதலாளி மாறினாரே தவிர முதலாளித்தனம் மாறவில்லை: ஆட்டம் தோற்றால் ஆளை அனுப்பு.

இப்படிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். ஆனால் அந்தப் பிரிவிலேயே அதிகக் கூட்டம் வந்தது இங்கேதான். முந்தைய முதலாளிகள் விட்டுப்போன கடனை 2014 செப்டம்பரில் தீர்த்துக் காட்டியதும் இவர்கள்தான். கோடீஸ்வரர்கள் செய்யாத காரியம்.

2017இல் லீக் டூவில் முதலிடம். அதே வருஷம் பங்குதாரர்கள் வாக்களித்து, டிஸ்னியின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னரின் நிறுவனத்துக்குக் கழகத்தை விற்றார்கள். துரோகம் என்று கத்துவதில் பயனில்லை. அது ஆரம்பத்திலிருந்தே 1,000 பவுண்ட் புரட்ட முடிந்தவர்களின் ஜனநாயகம். போதாததற்கு வசதியுள்ள ரசிகர்கள் சிலர் தனியாகக் கணிசமான பங்கு வைத்திருந்தார்கள். பழைய மைதானத்தைச் செப்பனிடவும் பணம் வேண்டும். மேலே போகப்போக, நஷ்டத்தை வாரி இறைக்கிற முதலாளிகளோடு மோதியாக வேண்டும். ஒரே நாட்டில் சோஷலிசம் பற்றி விவாதித்துக் களைத்தவர்கள் நாம். ஒரே கழகத்தில் சோஷலிசம் எத்தனை படி ஏறும்?

2024இல் போர்ட்ஸ்மவுத் மூன்றாம் பிரிவில் முதலிடம் பெற்று இரண்டாம் பிரிவுக்கு ஏறியது. இது மீட்சிக் கதையாக எழுதப்படும். பெருமை மூலதனத்தின் கணக்கில் வரவாகும். கடன் தீர்த்தவர்கள் அடிக்குறிப்பாவார்கள். நஷ்டம் வந்தால் மக்களுடையது, லாபம் தெரிந்தால் தனியாருடையது என்கிற ஏற்பாட்டை எழுதாமல் கழகத்தின் கதையை எழுதிவிட முடியாது. எழுத உட்காருகிறவர்கள் கோப்பைகளை விட்டுவிட்டு, அந்த 13ஆம் இடத்திலிருந்து தொடங்கட்டும்.