‘அலுவல் பயன்பாட்டிற்கு மட்டும்’: பொது நூலகச் சட்டங்களும் பிரிந்துபோன இரு வாசகர்களும்

முன்னுரை

தமிழ்நாட்டுப் பொது நூலகங்கள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பெருமிதத்தோடு தொடங்குகின்றன. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் 1950இல் மாநில மைய நூலகமாயிற்று. 1972இல் பொது நூலகங்களுக்கெனத் தனி இயக்ககம் அமைந்தது. இன்று நான்காயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் இவ்வமைப்பின்கீழ் இயங்குகின்றன. இவை மறுக்க இயலாத சாதனைகள். ஆயினும் இவ்வாய்வுகள் கட்டடம், நூல் எண்ணிக்கை, உறுப்பினர் எண்ணிக்கை ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. சட்டம் யாரை வாசகராகக் கருதியது, அவருக்கு எதைச் செய்துதரக் கடமைப்பட்டது என்னும் வினா அரிதாகவே எழுகிறது. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம், 1954ஆம் ஆண்டு நூல்கள் வழங்கல் சட்டம், 2005ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டம் ஆகிய மூன்றையும் பனுவல்களாகக் கொண்டு, அரசுப் பணியாளரும் பொதுமக்களும் ஒரே நூலின் வாசகர்களாக இருந்தும் எவ்வாறு பிரிக்கப்பட்டனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

‘உதவி’ உதிர்ந்த சொல்

1948ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழுவை நிறுவி, அதன் அதிகாரங்களை வரிசைப்படுத்துகிறது. நிலமும் கட்டடமும் அறைகலன்களும் அமைத்துத் தரலாம், நூல், இதழ், நாளேடு, நிலப்படம், கலை அறிவியல் மாதிரிகள், திரைப்படச் சுருள் முதலியவற்றைச் சேர்க்கலாம், பணியாளரை அமர்த்தலாம், கொடை பெறலாம், சொற்பொழிவுக்கும் வகுப்புக்கும் ஏற்பாடு செய்யலாம். 1940களின் இறுதியில் திரைப்படச் சுருள்வரை எண்ணிப் பார்த்த சட்டம் இது என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் இப்பட்டியலில் வருவன யாவும் பொருள்களும் அவற்றைக் காப்பவர்களுமே. நூலை வாசகர் வீட்டுக்குக் கொண்டுசெல்வதும், வாசகர் ஒரு வினாவோடு வந்தால் அதற்கு விடை தேடித் தருவதும் அதிகாரமாகவோ கடமையாகவோ பெயர் சுட்டப்படவில்லை. எஞ்சிய அனைத்தையும் செய்யலாம் என்னும் பொதுவான ஒரு கூற்றுக்குள் அவை அடங்கிவிடுகின்றன. பின்னர் வந்த நடைமுறைகளில் இரவல் தனக்கென ஓரிடத்தைப் பெற்றது. உறுப்பினர் அட்டை, வைப்புத்தொகை, திரும்பத் தர வேண்டிய நாள் என அதற்கொரு நிருவாக வடிவம் உண்டாயிற்று. வினாவுக்கு அவ்வாறான வடிவம் எதுவும் அமையவில்லை.

இச்சட்டத்தின் பின்புலத்தில் சீர்காழி இரா. அரங்கநாதன் இருக்கிறார் என்பதால் இம்மௌனம் வியப்பளிக்கிறது. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்று, இங்கிலாந்தில் பயிற்சி பெற்றுத் திரும்பிய அவர், 1930இலேயே மாதிரி நூலகச் சட்டமொன்றை வரைந்து காசியில் கூடிய ஆசியக் கல்வி மாநாட்டில் முன்வைத்தார். 1931இல் வெளியான அவருடைய ஐந்து விதிகளுள் முதலாவது நூலின் பயன்பாட்டைப் பேசுகிறது. நான்காவது வாசகரின் நேரத்தைக் காக்கச் சொல்கிறது. குறிப்புதவிப் பணியை அவர் உடனடியாக விடை தரத்தக்கது, நெடிய தேடலை வேண்டுவது என இருவகைப்படுத்தினார். இரண்டிலும் மையமாக இருப்பவர் வாசகர் அருகில் நிற்கும் நூலகரே. தம் மாதிரிச் சட்டத்துக்கும் நிறைவேறிய சட்டத்துக்கும் இடையிலான வேறுபாடுகளை அரங்கநாதனே குறையாகக் கருதினார் என்பது நூலகவியலார் அறிந்ததே. வரி, நிருவாகம் ஆகியவை பற்றிய அவ்வேறுபாடுகளே ஆய்வுகளில் மிகுதியும் பேசப்பட்டன. பணி குறித்த இவ்வேறுபாடு கவனம் பெறவில்லை.

இதன் விளைவு தமிழ்க் கலைச்சொல்லிலும் தெரிகிறது. ‘குறிப்புதவி’ என்பது நல்ல ஆக்கம். உதவி என்னும் செயலைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. ஆனால் நூலகங்களில் அச்சொல் பெரும்பாலும் நூலுக்கு அடையாகவே வழங்குகிறது. குறிப்புதவி நூல், நோக்கு நூல், பார்வை நூல் எனப் பெயர் எதுவாயினும் வாசகர் அதிலிருந்து புரிந்துகொள்வது ஒன்றே: அந்நூல் இரவல் தரப்படாது. ஒரு பணியின் பெயர் ஒரு தடையின் பெயராகிவிட்டது. கலைக்களஞ்சியமும் அகராதியும் இருக்கும் அடுக்கைக் காட்டி ‘குறிப்புதவிப் பிரிவு’ என்று சொல்ல முடிகிறது. அங்கே உதவுபவர் யார் என்று கேட்டால் விடை சொல்வது கடினம். பல கிளை நூலகங்களில் கதவைத் திறப்பவரும், நாளேடுகளை அடுக்குபவரும், இரவல் பதிபவரும் ஒருவரே.

ஒரே நூலின் இரு வாசகர்கள்

நூல்கள் வழங்கல் சட்டத்தின்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் 30 நாள்களுக்குள் சேர வேண்டும். அரசு வெளியீடுகளுக்கும் இச்சட்டம் பொருந்தும். ஆனால் ஒரு விலக்கு உண்டு: அலுவல் பயன்பாட்டிற்கு மட்டும் உரியவை இதில் அடங்கா. எது அலுவல் பயன்பாட்டிற்கு மட்டும் உரியது என்று சட்டம் வரையறுக்கவில்லை. வெளியிடும் துறையே அதனைத் தீர்மானிக்கலாம் என்பதே இதன் நடைமுறைப் பொருள். வெளியீட்டாளர் படி அனுப்பத் தவறினால் 50 ரூபாய் வரை தண்டமும் நூலின் விலையும் விதிக்க இடமுண்டு. அரசு தன் துறையொன்றின்மீது அவ்வாறு வழக்குத் தொடுக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

இவ்விலக்கு சிறியதாகத் தோன்றலாம். வருவாய்த் துறை நிலையாணைகளை எடுத்துக்கொண்டால் அதன் அளவு விளங்கும். நிலையாணை 15 அரசு நில ஒப்படை பற்றியது. நிலையாணை 31 பட்டா மாற்றம் பற்றியது. இவற்றை அன்றாடம் கையாள்பவர்கள் கிராம நிருவாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர். இவற்றால் அன்றாட வாழ்வு தீர்மானிக்கப்படுபவர் உழவர். பட்டா மாற்ற விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படும்போது, எந்த ஆணையின் எந்தப் பத்தியின்படி என்று அறிய இருவருக்கும் தேவைப்படுவது ஒரே நூல்தான். ஒருவருக்கு அது பணிக் கருவி. மற்றவருக்கு முறையீட்டுக்கான ஆதாரம். நூல்கள் வழங்கல் சட்டத்தின் தர்க்கத்தில் முதலாமவர் மட்டுமே அதன் வாசகர். இரண்டாமவர் எழுத்தரையோ இடைத்தரகரையோ நாட வேண்டியவராகிறார்.

முதலாமவரும் நல்ல நிலையில் இல்லை என்பதே இங்கு மேலும் கருதத்தக்கது. துறைத் தேர்வு எழுதும் இளநிலை உதவியாளருக்கு மாவட்ட அலுவலக நடைமுறை நூல் வேண்டும். அடிப்படை விதிகள் வேண்டும். தலைமைச் செயலகத்தில் பணிபுரிபவருக்கு அங்கேயே நூலகம் இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் இருப்பவரோ தனியார் பதிப்பகத்தின் தொகுப்பை விலைக்கு வாங்குகிறார். சில வேளைகளில் மூத்தவரிடம் கடன் பெறுகிறார். அது திருத்தங்கள் சேர்க்கப்பட்ட பதிப்பா என்பதை உறுதிசெய்ய அவருக்கும் ஒரு குறிப்புதவி நூலகர் தேவை. ஆக, பொதுமக்களிடமிருந்து அரசுப் பணியாளரைப் பிரித்த கோடு அரசுப் பணியாளருக்கும் நன்மை செய்யவில்லை.

இப்பிரிவினையைச் சென்னை எழும்பூரில் கண்ணாலேயே காணலாம். பாந்தியன் சாலையில் கன்னிமாரா நூலகம் அனைவருக்கும் திறந்திருக்கிறது. அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் 1909இல் தோன்றிய ஆவணக் காப்பகம் உள்ளது. துறைசார் நிருவாக அறிக்கைகளும் அரசாணைகளும் பழைய மாவட்ட விவரச் சுவடிகளும் செறிந்திருப்பது அங்குதான். ஆய்வாளர் அனுமதி பெற்று அவற்றைப் பார்க்கலாம். பட்டா வினாவோடு வரும் உழவருக்காக அமைக்கப்பட்டதன்று அது. இரண்டையும் இணைத்து ஒரே இடத்தில் வினாவைப் பெறும் மேசை எங்கும் இல்லை.

இடையில் தேர்வர்

இவ்விரு வாசகர்களுக்கும் நடுவே மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். இன்று மாவட்ட மைய நூலகம் எதனுள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுபவர் அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்பவர். 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிக்கத் தனிப் பிரிவே உண்டு. அது நிரம்பி வழிகிறது. இதனை நூலகத்தின் வீழ்ச்சியாகக் கருதுவோர் உளர். அக்கருத்து ஏற்கத்தக்கதன்று. வீட்டில் மேசையும் அமைதியும் இல்லாத இளைஞருக்கு அவற்றைத் தருவது பொது நூலகத்தின் நியாயமான பணியே. கவலைக்குரியது வேறொன்று. அரசுப் பணியாளர் ஆவதற்கு முன்பு நாள்தோறும் நூலகத்துக்கு வந்தவர், பணியாணை பெற்ற மறுநாளே அதன் வாசகர் அல்லாதவராகிறார். பணிக்குத் தேவையான எதுவும் அங்கு இல்லை என்பதை ஆண்டுக்கணக்கில் உள்ளே அமர்ந்து அறிந்தவர் அவர். நூலகம் அவருக்கு இருக்கை தந்தது. நூலும் விடையும் பிற இடங்களிலிருந்து வந்தன.

2005க்குப் பின்

தகவல் பெறும் உரிமைச் சட்டம் இக்கோட்டை ஏறத்தாழ அழித்தது எனலாம். அதன் 4ஆம் பிரிவு, கேட்காமலேயே வெளியிட வேண்டியவற்றுள் ஒன்றாக, பணியாளர் தம் கடமையைச் செய்யப் பயன்படுத்தும் விதிகள், அறிவுறுத்தங்கள், கையேடுகள், ஆவணங்கள் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. 1954இல் அலுவல் பயன்பாட்டிற்கு மட்டும் எனப் புறத்தே நிறுத்தப்பட்ட பனுவல் வகை அரை நூற்றாண்டுக்குப் பின் பொதுமக்களுக்கு உரியதாக அறிவிக்கப்பட்டது. அதே பிரிவின் 15ஆம் கூறு, தகவல் பெறக் குடிமக்களுக்குள்ள வசதிகளை வெளியிடும்போது நூலகத்தின் அல்லது படிப்பறையின் வேலை நேரத்தையும் வெளியிடச் சொல்கிறது. பொதுப் பயன்பாட்டுக்கென அவ்வாறு ஒன்று பராமரிக்கப்பட்டால் என்னும் நிபந்தனையோடு. இந்த ‘பராமரிக்கப்பட்டால்’ என்னும் சொல்தான் அனைத்தையும் தளர்த்திவிட்டது. துறைகளின் தன்விருப்ப வெளியீடுகளில் இக்கூறின்கீழ் ‘இல்லை’ என்ற ஒற்றைச் சொல்லை எழுதினாலே சட்டம் நிறைவேறிவிடுகிறது. மாவட்டத் தலைநகரில் அரசே நடத்தும் மைய நூலகத்தைத் தம் படிப்பறையாகச் சுட்டத் துறைகளுக்குத் தடையேதுமில்லை. 1948இன் நூலகச் சட்டமும் 2005இன் தகவல் சட்டமும் ஒன்றையொன்று அறியாதவை போல் இயங்குகின்றன.

எல்லாம் இணையத்தில் கிடைக்கும்போது நூலகம் எதற்கு என்னும் மறுப்பு இங்கு எழும். அரசாணைகள் பல இணையத்தில் உள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பழைய நூல்களைத் திறந்துவைத்திருக்கிறது. ஆயினும் ஓர் ஆணை கிடைப்பதும், அது நடைமுறையில் உள்ளதா, பின்வந்த எந்த ஆணையால் திருத்தப்பட்டது என்பது தெரிவதும் வேறு வேறு. அரங்கநாதன் நெடிய தேடல் என வகைப்படுத்தியது துல்லியமாக இதனையே. தகவல் சட்டமும் தகவலைப் பரப்ப உள்ளூர் மொழியையும் அப்பகுதிக்கு ஏற்ற வழிமுறையையும் கருதச் சொல்கிறதேயன்றி, இணையத்தோடு நின்றுவிடச் சொல்லவில்லை.

இரவலுக்கும் இதில் பங்குண்டு. அலுவலக நேரத்தில் அரசுப் பணியாளர் படிப்பறையில் அமர இயலாது. கூலி வேலைக்குச் செல்பவரும் அவ்வாறே. கிளை நூலகங்கள் ஞாயிறன்று திறந்திருப்பது இருவருக்கும் உதவும். ஆனால் அன்று கையில் எடுக்கும் நூல் ‘பார்வைக்கு மட்டும்’ என்றால் ஒரே நாளில் அதனைப் படித்து முடிக்க இயலாது. 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் ஊர்களுக்கு நூல் கொண்டுசென்ற மரபுடைய நிலத்தில், நிலையாணைத் தொகுப்பின் இரு படிகளை வாங்கி ஒன்றை அடுக்கிலும் மற்றொன்றை இரவலிலும் வைப்பது பெரும் புதுமையாகாது. சொத்து வரியோடு நூலக வரி செலுத்துபவர்களுள் அந்த உழவரும் அந்த இளநிலை உதவியாளரும் அடங்குவர்.

நூலகங்களில் சேர்க்கைப் பதிவேடு உண்டு; வருகைப் பதிவேடு உண்டு; இரவல் பதிவேடு உண்டு. ஆண்டறிக்கைகளின் எண்கள் இவற்றிலிருந்தே பெறப்படுகின்றன. வாசகர் கேட்ட வினாவையும், அதற்கு நூலகம் தந்த விடையையும், விடையின்றி அவர் திரும்பிய நாளையும் எழுதிவைக்கும் பதிவேடு மட்டும் இதுவரை அப்பட்டியலில் சேரவில்லை.