அனுமதிப்பத்திரம் வெருகலுக்கு எட்டுமா?

வெருகலில் சித்திரவேலாயுதர் கோயில் வீதியில் நின்றாலும் கைத்தொலைபேசியில் சூதாட்ட விளம்பரம் வந்து விழுகிறது. அதன் அடியில், பொடி எழுத்தில், எங்கோ ஒரு தீவு கொடுத்த அனுமதிப்பத்திர இலக்கம். இலக்கத்தைக் கண்டதும் "பதிஞ்ச இடந்தானே, காசு எங்க போகப்போகுது" என்று நம்புகிற பெடியங்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு தாங்கும்?

ஓரளவு தாங்கும். பிரித்தானியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சூதாட்ட ஆணைக்குழு இயங்குகிறது. விளையாட்டு மென்பொருளைச் சுயாதீன ஆய்வுகூடம் சோதிக்க வேண்டும். 2020 ஏப்ரலிலிருந்து கடனட்டையால் பந்தயம் கட்ட முடியாது. 'கேம்ஸ்டாப்' என்ற சுயவிலகல் பதிவேட்டில் ஒருமுறை பெயர் கொடுத்தால், அனுமதி பெற்ற எல்லா இணையத் தளங்களும் அவரை மறிக்க வேண்டும். 2025இல் இணைய ஸ்லொட் ஆட்டத்துக்கு ஒரு சுற்றுக்கு 5 பவுண், 25 வயதுக்குக் குறைந்தோருக்கு 2 பவுண் என்று உச்சவரம்பு வந்தது. அங்கே விதிகள் வெறும் காகிதத்தில் நிற்பதில்லை. தம்மைத் தாமே விலக்கிக்கொண்ட 7,000க்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து ஆடவிட்ட 888 என்ற சூதாட்ட நிறுவனம், 2017இல் 78 இலட்சம் பவுண் கட்ட நேர்ந்தது.

ஆனால் அதே ஆணைக்குழுவின் அனுமதியோடு நடந்த 'ஃபுட்போல் இண்டெக்ஸ்' என்ற பந்தயத் தளம் 2021 மார்ச்சில் சரிந்தபோது, ஆட்டக்காரர்கள் போட்ட பெருந்தொகை போனதுதான். கடுமையான கண்காணிப்புள்ள நாட்டிலேயே நிலைமை அது. குராசோ தீவிலோ, 2024 இறுதியில் புதிய சட்டம் வரும்வரை, ஒருசில முதன்மை உரிமக்காரர்கள் நூற்றுக்கணக்கான தளங்களுக்கு உப உரிமம் கொடுத்துவந்தார்கள். வென்ற காசைத் தளம் தராவிட்டால் ஆட்டக்காரன் யாரிடம் முறையிடுவான்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நேர்மையான ஆட்டமும் ஆட்டக்காரனைத் தோற்கடிக்கவே அமைக்கப்பட்டது. நூற்றுக்கு 96 திரும்பத் தரும் ஆட்டம் என்றால் கேட்க நல்லாய்த்தான் இருக்கும். சுற்றுக்கு 20 ரூபாய், நிமிடத்துக்கு 10 சுற்று என்று ஒரு மணித்தியாலம் ஆடினால், பந்தயம் கட்டப்படுவது 12,000 ரூபாய். சராசரி நட்டம் 480. வலை இழுத்தவனின் நாட்கூலியில் அது சின்னத் தொகை இல்லை. மோசடி நடக்கவில்லை என்பதற்கு ஆய்வுகூடம் சான்று தரும். நட்டத்தை அது தடுக்காது.

இலங்கை 2025இல் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2010இன் கசினோச் சட்டத்தையும் காலனித்துவக் காலத்துக் கட்டளைச் சட்டங்களையும் நீக்கி, இணையச் சூதாட்டத்தையும் ஒரே அதிகாரசபையின் கீழ் கொண்டுவரும் முயற்சி இது. நான் இதை வரவேற்கிறேன். ஆனால் அரசின் கண் வருமானத்தில் இருப்பதும் தெரிகிறது. கொழும்புக் கசினோவுக்குள் நுழையும் இலங்கையரின் கட்டணத்தை 50 டொலரிலிருந்து 100 டொலராக்க அதே ஆண்டில் தீர்மானித்தார்கள். உள்ளூர்க்காரனை வாசலிலேயே யோசிக்க வைக்கும் தடை அது. கைத்தொலைபேசியில் அப்படி ஒரு தடையும் இல்லை. ரீலோட் போட்டால் போதும்.

முழுத் தடைதான் வழி என்பார்கள் சிலர். இணையச் சூதாட்டத்தைத் தடைசெய்யத் தமிழ்நாடு 2023இல் சட்டம் கொண்டுவந்தது. ரம்மியையும் போக்கரையும் அதற்குள் அடக்கியதை அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. பிறகு நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை காசு வைத்து ஆடக்கூடாது என்ற விதி வந்தது. 2025 ஜூனில் அதே நீதிமன்றம் அந்த விதியை ஏற்றது. நித்திரை கெட்டு, தோற்றதைப் பிடிக்கத் துடிக்கும் நேரத்தைக் குறிவைத்த அந்த விதிதான் எனக்கு ஆக உருப்படியானதாகப் படுகிறது. 2025 ஆகஸ்டில் இந்திய அரசு காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடைசெய்தது. ஆனால் வெளிநாட்டுத் தளத்துக்கு அந்தத் தடை தெரியாது. காசு போகும் வங்கி வழியை அடைத்தால்தான் அதற்கு உறைக்கும்.

ஆகவே நம் அதிகாரசபையிடம் கேட்க வேண்டியவை: இரவுத் தடை, எல்லாத் தளத்துக்கும் பொதுவான ஒரே விலகல் பதிவேடு, ஆட்டக்காரரின் வைப்புப் பணத்துக்குத் தனிக் கணக்கு, அனுமதியில்லாத் தளத்துக்குப் பணம் போகாமல் வங்கிகள் மறிப்பது. இவற்றோடு, ஈச்சிலம்பற்றிலிருந்து எடுத்தாலும் தமிழில் பதில் சொல்லும் ஒரு முறைப்பாட்டு இலக்கம்.