பத்து பவுண்டில் நிற்கும் முள்

கார்புரேட்டர் என்றதும் பைக் மெக்கானிக்கின் நினைவுக்கு வருவது அடியில் தொங்கும் கிண்ணமும் அதில் மிதக்கும் ஃப்ளோட்டும்தான். பழைய டூ-ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கீயில் இரண்டும் கிடையாது. அலையில் துள்ளி, ஆள் விழும்போது தானும் கவிழ்கிற வண்டியில் கிண்ணத்துப் பெட்ரோல் எங்கே நிற்கும்? ஆகவே டயாஃப்ரம் எனும் மெல்லிய சவ்வுகளிடம் வேலையை ஒப்படைத்தார்கள். 1990-ல் வந்த யமஹா சூப்பர்ஜெட், 2021-ல் ஃபோர்-ஸ்ட்ரோக்காக மாறும்வரை மிக்குனி நிறுவனத்தின் டயாஃப்ரம் கார்புரேட்டரோடுதான் ஓடியது.

இதில் கசிவு தேடுவது தனிச் சுவை. ஈரம் தெரியும் இடமே பாதித் துப்பு. கார்புரேட்டர் மூடியின் சின்னக் காற்றுத் துளையில் பெட்ரோல் துளிர்த்தால் அதற்குப் பின்னாலிருக்கும் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. எஞ்சின் நின்ற பிறகும் காற்று போகும் வாயில் சொட்டினால், பெட்ரோல் நுழைவதைத் தடுக்கும் ஊசி வால்வு சரியாக மூடவில்லை.

ஈரமே தெரியாத கசிவுதான் கெட்டிக்காரக் கசிவு. கிராங்க்கேஸின் அழுத்தத் துடிப்பில் படபடத்துப் பெட்ரோலை இழுக்கும் பம்ப் டயாஃப்ரமில் ஓட்டை விழுந்தால், பெட்ரோல் அந்தத் துடிப்புக் குழாய் வழியே எஞ்சினுக்குள்ளேயே போய்விடும். வெளியே எல்லாம் காய்ந்திருக்கும். ஸ்பார்க் பிளக் மட்டும் நனைந்து கிடக்கும். இன்னொன்று டேங்க். அதன் காற்றுக் குழாயில் இருக்கும் ஒருவழி வால்வு காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. வெயிலில் நின்ற வண்டியில் அழுத்தம் ஏறி, தேய்ந்த ஊசியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் எஞ்சினை நிரப்பிவிடும். வண்டியின் வயிற்றுக்குள் கசிந்தாலோ பேராபத்து. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும். விவரமானவர்கள் எஞ்சின் மூடியைத் திறந்து காற்றாட விடாமல் ஸ்டார்ட் பட்டனைத் தொடமாட்டார்கள்.

எடுத்த எடுப்பில் ரிப்பேர் கிட் வாங்கி எல்லாவற்றையும் மாற்றிவிடுவோர் உண்டு. வண்டி ஓடும், எது கசிந்தது என்பது மட்டும் கடைசிவரை தெரியாது.

கைதேர்ந்தவர் கார்புரேட்டரைக் கழற்றி, டயாஃப்ரம் மூடியை எடுத்து, ஊசியில் சொட்டு எண்ணெய் விடுவார். காய்ந்த ஊசி பொய் சொல்லும். திரும்பிப்போகும் வழியை அடைத்து, பெட்ரோல் நுழையும் வழியில் மீட்டர் வைத்த கைப்பம்பைப் பொருத்தி மெல்ல அழுத்துவார். ஓர் அளவில் ஊசி சட்டென்று திறந்து காற்றை விடும். அதுதான் பாப்-ஆஃப் அழுத்தம். ஊசி அமரும் சீட்டின் அளவும் ஊசியை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கும் அதைத் தீர்மானிக்கின்றன. 65, 80, 95, 115 கிராம் என்று ஸ்பிரிங்கிலேயே நான்கு தரம்.

பிறகுதான் பொறுமைக்கு வேலை. அழுத்தத்தைப் பத்து பவுண்டு அளவில் நிறுத்தி மீட்டர் முள்ளைப் பார்த்தபடி இருப்பார். முள் அசையவில்லை என்றால் உள்ளே எல்லாம் இறுக்கம். இறங்கினால், பஞ்சர் கடை வாளியில் டியூபை அழுத்துவதுபோல ஒவ்வோர் இணைப்பாக நனைத்துக் குமிழியைத் தேடுவார். ஊசியும் சீட்டும் புதிதாகப் போட்ட பிறகும் முள் இறங்குவது உண்டு. அப்போது குமிழி பெரும்பாலும் சீட்டைச் சுற்றியுள்ள ஓ-ரிங்கிலிருந்துதான் வரும். பலரும் மாற்ற மறக்கும் பாகம் அது.